ஊசலாட்ட மாநிலங்களின் புறநகர் வாக்காளர்: கடைசி நேரத்தில் மனம் மாறுகிறாரா?

வைகறை

2020 அமெரிக்க அதிபர் தேர்தலில், எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடிய ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து ஜனநாயகக் கட்சியின் பைடன் முந்தியது 43,000க்கும் குறைவான வாக்குகளில். அதற்கு முந்தைய தேர்தலில் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சினில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் முந்தியது 78,000க்கும் குறைவான வாக்குகளில். வித்தியாசம் இவ்வளவு சிறிது என்பதால்தான் "இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்" என்பவரைத் தேடி இரண்டு கட்சிகளும் கோடி கோடியாகக் கொட்டுகின்றன. தேர்தல் முடிந்ததும் அவர் ஏன் இப்படி வாக்களித்தார் என்று தொலைக்காட்சியில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

அந்த வாக்காளர் இரண்டு கட்சிகளுக்கும் நட்டநடுவில் நிற்பவர் என்ற எண்ணமே தவறு என்பது என் கருத்து. எல்லை தாண்டி வரும் குடியேறிகள் விஷயத்தில் ஒரு கட்சியோடும் கருக்கலைப்பு விஷயத்தில் இன்னொரு கட்சியோடும் ஒத்துப்போகிறவர் அவர். எந்தக் கவலை அந்த ஆண்டு மேலே வருகிறதோ அந்தப் பக்கம் சாய்வார். அவரை அக்டோபர் மாத விளம்பரத்தால் திருப்பிவிடலாம் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. ஜோஷுவா காலா, டேவிட் புரூக்மன் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் 49 களச் சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். பொதுத் தேர்தலில் வேட்பாளர் தேர்வை மாற்றுவதில் நேரடிப் பிரசாரத்தின் சராசரி விளைவு ஏறத்தாழ பூஜ்யம் என்பது அவர்கள் கண்ட முடிவு. விதிவிலக்கும் உண்டு. யார் மாறக்கூடியவர் என்று சரியாக அடையாளம் கண்டு, தேர்தலுக்கு வெகு முன்பே போய்ப் பேசினால் ஓரளவு பலன் இருக்கலாம். கட்சிகள் அதைத்தான் செய்வதில்லை.

பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது). பிலடெல்பியாவுக்கு வடக்கே உள்ளது. அதன் தென்பகுதியில் இருக்கும் லெவிட்டவுன், ஃபேர்லெஸ் எஃகு ஆலை வந்த 1952ஆம் ஆண்டில் எழத் தொடங்கிய குடியிருப்பு. வெள்ளையர்களுக்கு மட்டுமே வீடு என்று விற்ற இடம். 1957இல் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது நாள்கணக்கில் கும்பல் கூடி மிரட்டியது. கவுண்டியின் நடுவில் டாய்ல்ஸ்டவுன், நியூடவுன் போன்ற படித்தவர்களின், வசதியானவர்களின் ஊர்கள். வடக்கே பண்ணை நிலங்கள். இவை மூன்றையும் சேர்த்துத்தான் "புறநகர் வாக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கவுண்டி 2016இல் ஹிலாரிக்கும் 2020இல் பைடனுக்கும் வாக்களித்தது. 2024இல் சில நூறு வாக்குகளில் டிரம்ப் பக்கம் போனது. அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி அங்கே வென்றது 1988க்குப் பிறகு அதுதான் முதல் முறை. பைடன் வென்ற அதே 2020இல் நாடாளுமன்றத்துக்கு அவர்கள் அனுப்பியது குடியரசுக் கட்சியின் பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக்கை. 2023இல் உள்ளூர் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் சென்ட்ரல் பக்ஸ் பள்ளி வாரியத் தேர்தலில் போட்டியிருந்த ஐந்து இடங்களையும் ஜனநாயகக் கட்சியினருக்குக் கொடுத்தார்கள். கொள்கையில்லாதவர்கள் என்று இவர்களைத் திட்டுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக யோசிக்கிறவர்கள் இன்னும் கணிசமாக இருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

---

தாமிரபரணி

வைகறை, நீங்கள் சொல்லும் அந்த யோசிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் தேர்தலைத் தீர்மானிப்பது அவர்கள் இல்லை. யார் வீட்டைவிட்டுக் கிளம்பி வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள், யார் போகவில்லை என்பதுதான் தீர்மானிக்கிறது.

மனத்தை மாற்றுவது கடினம். வாக்களிக்க வைப்பது அவ்வளவு கடினம் இல்லை. அரசியல் அறிவியலாளர்கள் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் 1998இல் நியூ ஹேவன் நகரில் நடத்திய சோதனை இதற்கு அடிப்படை. நேரில் போய்க் கேட்டால் வாக்களிப்பு உயர்ந்தது, தொலைபேசியில் கேட்டால் உயரவில்லை. பிறகு மிச்சிகனில் 2006 ஆகஸ்டில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் இன்னொன்று செய்தார்கள். உங்கள் தெருவில் யார் யார் முன்பு வாக்களித்தார்கள், யார் வாக்களிக்கவில்லை என்று பெயரோடு அச்சடித்த கடிதத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். தேர்தலுக்குப் பிறகு இன்னொரு பட்டியல் வரும் என்றும் அதில் எழுதியிருந்தது. கடிதம் போகாத வீடுகளில் 29.7 சதவீதம் வாக்களிப்பு, போன வீடுகளில் 37.8. எட்டுப் புள்ளி உயர்வு! ஒரு தாள் செய்த வேலை. இந்த அளவுக்கு மனத்தை மாற்றிய விளம்பரம் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

---

வைகறை

அந்தக் கடிதச் சோதனை முக்கியமானதுதான். ஆனால் 2024ஐ அதை வைத்து விளக்க முடியாது. விஸ்கான்சினில் 2020இல் பைடன் வாங்கியதைவிட 2024இல் ஹாரிஸ் வாங்கிய வாக்குகள் அதிகம். ஜார்ஜியாவிலும் அப்படியே, வட கரோலினாவிலும் அப்படியே. மூன்றிலும் தோற்றார். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்ற விளக்கம் இந்த மாநிலங்களுக்குப் பொருந்தாது.

பிளவு வாக்கையும் பாருங்கள். வட கரோலினாவில் டிரம்ப் சுமார் 3 சதவீத வித்தியாசத்தில் வென்றார். அதே நாள், அதே வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைன் ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசத்தில் ஆளுநர் ஆனார். ஜார்ஜியாவில் 2022 நவம்பரில் ஆளுநர் பிரையன் கெம்ப் வாங்கியதைவிட, அதே கட்சியின் செனட் வேட்பாளர் ஹெர்ஷல் வாக்கர் வாங்கியது இரண்டு லட்சம் வாக்குகள் குறைவு. கெம்புக்கு வாக்களிக்க வந்தவர்தான் வாக்கர் பெயரைத் தாண்டிப் போயிருக்கிறார். இதை வாக்களிப்பு விகிதத்தில் எப்படி அடக்குவீர்கள்?

---

தாமிரபரணி

ஹாரிஸ் வாக்கு கூடியது, டிரம்ப் வாக்கு அதைவிடக் கூடியது. அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? எப்போதாவது வாக்களிப்பவர்களைக் குறிவைத்து வேலை செய்தோம் என்று அவருடைய பிரசாரக் குழுவினரே சொன்னார்கள். மனம் மாறியவர்களும் இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. புதிதாக வந்தவர்களை எண்ணாமல் "புறநகர் மனம் மாறிவிட்டது" என்று எழுதுவதைத்தான் மறுக்கிறேன். வட கரோலினா, ஜார்ஜியா இரண்டிலும் தோற்ற வேட்பாளர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்க் ராபின்சனும் வாக்கரும் தங்கள் கட்சிக்காரர்களுக்கே சுமையாக இருந்தார்கள்.

---

எக்ஸ்டன்வாசி

இருவரும் மாநில அளவில் பேசுகிறீர்கள். நான் தெருவில் பார்த்ததைச் சொல்கிறேன். இருப்பது பென்சில்வேனியாவின் செஸ்டர் கவுண்டியில், பிலடெல்பியா புறநகர். மென்பொருள், மருந்து நிறுவனங்கள், மால்வெர்னில் வேன்கார்ட் தலைமையகம் என்று வேலைக்காக வந்தவர்கள் நிறைந்த இடம். 2012இல் குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு மயிரிழையில் வாக்களித்த கவுண்டி, 2016 முதல் ஜனநாயகக் கட்சிப் பக்கம்.

2024 இலையுதிர் காலத்தில் வார இறுதிகளில் ஜனநாயகக் கட்சிக்காக வீடு வீடாகப் போனேன். பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம்: கைப்பேசியில் மினிவேன் என்ற செயலி இருக்கும். எந்தத் தெரு, எந்த வீடு, யார் பெயர், என்ன வயது, எந்தக் கட்சியில் பதிவு என்று வரிசையாகக் காட்டும். பேசி முடித்ததும் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். ஒன்று என்றால் நம் வேட்பாளருக்கு உறுதியான ஆதரவு, ஐந்து என்றால் எதிரணிக்கு. மூன்று, முடிவெடுக்காதவர். துண்டுத்தாளைத் தபால் பெட்டியில் போடக் கூடாது, கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. கதவிடுக்கில்தான் செருக வேண்டும். பாதி வீடுகளில் அழைப்பு மணியில் உள்ள கேமராவைப் பார்த்துத்தான் பேச்சு.

ஒரு வீட்டில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கதவைத் திறந்தார். கையில் துணிக்கூடை, பின்னால் நாய் குரைக்கிறது. கையிலிருந்த பேச்சுக் குறிப்பைப் படிக்கத் தொடங்கினேன். நிறுத்தச் சொன்னார். "கருக்கலைப்பில் நான் உங்கள் பக்கம். ஆனால் என் மகனுக்கு வீடு வாங்க முடியவில்லை. இதே தெருவில் வளர்ந்தவன். அதற்கு உங்கள் தாளில் என்ன இருக்கிறது?" என்றார். தாளில் முதல் வீடு வாங்குவோருக்கு உதவித்தொகை என்று ஒரு வரி இருந்தது. அதைச் சொன்னேன். "இதே தெருவில் எந்த வீடு விற்பனைக்கு இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. முப்பதாண்டு வீட்டுக் கடன் வட்டி 2021 தொடக்கத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, 2023 அக்டோபரில் 8 சதவீதத்தை நெருங்கியது. பழைய வட்டியில் கடன் வாங்கியவர்கள் வீட்டை விட்டு நகர மறுக்கிறார்கள். விற்க ஆளில்லை, வாங்க வருபவர்களுக்கு வட்டி கட்டுப்படியாகவில்லை.

செயலியில் மூன்று என்று தட்டினேன். ஆனால் அந்தப் பெண் முடிவெடுக்காதவரே இல்லை. இரண்டு விஷயங்களில் இரண்டு உறுதியான முடிவுகள் வைத்திருந்தார். வாக்குச்சீட்டில் ஒரு கட்டம்தான் இருக்கிறது, அவ்வளவுதான். வைகறை சொன்னதை நான் கண்ணால் கண்டது அங்கேதான்.

என் ஆதங்கம் எல்லாம் அந்தச் செயலியின் மேல்தான். அவர் சொன்ன வீட்டுப் பிரச்சினையை எழுத அதில் நல்ல இடம் இல்லை. எண் மட்டும் மேலே போகிறது, காரணம் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. பிறகு அதே வீட்டுக்கு இன்னொரு தன்னார்வலர் போய் அதே குறிப்பை முதலிலிருந்து படிப்பார்.

---

குறிஞ்சிப்பூ

எக்ஸ்டன்வாசி அக்கா, உங்கள் அந்தப் பெண்மணிக்கு அரிசோனாவில் இரண்டு கட்டங்கள் கிடைத்தன. நான் மாரிகோபா கவுண்டியில், ஃபீனிக்ஸ் நகரின் புறநகரான சாண்ட்லரில் இருக்கிறேன். 2024இல் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கும் 139ஆம் முன்மொழிவும் எங்கள் வாக்குச்சீட்டில் இருந்தது. 61 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு பெற்று நிறைவேறியது. அதே சீட்டில் டிரம்ப் ஐந்தரை சதவீத வித்தியாசத்தில் வென்றார். செனட்டுக்கு ஜனநாயகக் கட்சியின் ரூபன் கயேகோ வென்றார். மூன்றையும் ஒரே கையால் குறித்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நாடு முழுவதும் கருக்கலைப்பு உரிமையைக் காத்துவந்த ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ரத்து செய்தபோது, புறநகர்ப் பெண்களின் வாக்கு இனி ஒரே பக்கம்தான் என்று எல்லாரும் எழுதினார்கள். அந்த ஆகஸ்டில் கான்சஸ் போன்ற பழமைவாத மாநிலமே கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 59க்கு 41 என்று தோற்கடித்தது. கான்சஸ் சிட்டியின் புறநகரான ஜான்சன் கவுண்டியில் எதிர்ப்பு இன்னும் பலமாக இருந்தது. ஜனநாயகக் கட்சி அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் "இதைப் பேசினால் நம் வேட்பாளருக்கு வாக்கு விழும்" என்பது. வாக்காளர் எடுத்துக்கொண்டதோ வேறு: "இதை நானே நேரடியாக முடிவு செய்துவிட்டேன், அதிபரை வேறு காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கலாம்." மாரிகோபாவில் 2020இல் பைடன் வென்றது 1948இல் ட்ரூமன் வென்றதற்குப் பிறகு அந்தக் கட்சிக்கு முதல் முறை. நான்கே ஆண்டுகளில் அது கைவிட்டுப் போனது. அந்த உரிமை அவர்களுக்கு வேண்டாதது ஆகிவிடவில்லை. அது பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பியதால் பணவீக்கமும் எல்லையும் முன்னுக்கு வந்துவிட்டன. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். பிறகு குறைந்தது உண்மைதான். ஆனால் குறைந்தது உயரும் வேகம், கடையில் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்று புள்ளிவிவரத்தை நீட்டியவர்கள் எரிச்சலைத்தான் சம்பாதித்தார்கள்.

---

திருவாரூர்க்காரன்

எங்கள் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் 2020இல் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். 2024இலும் கோயிலில் அபிஷேகம் செய்து காத்திருந்தார்கள். கமலா ஹாரிஸின் தாத்தா பிறந்த ஊர் என்ற பாசம். அங்கே இருக்கும் தமிழர்கள், இந்தியர்கள் வாக்கு ஹாரிஸுக்கு மொத்தமாக விழுந்திருக்கும் என்றுதானே நினைத்தோம்?

---

செம்பருத்தி

தம்பி, மொத்தமாக விழவில்லை. தேர்தலுக்கு முன் கார்னகி அமைப்பு எடுத்த கருத்துக்கணிப்பில் பதிவு செய்த இந்திய அமெரிக்க வாக்காளர்களில் பத்தில் ஆறு பேர் ஹாரிஸ், மூன்று பேருக்குச் சற்று அதிகம் டிரம்ப். பெரும்பான்மை அவருக்குத்தான், ஆனால் முன்பிருந்ததைவிடக் குறைவு. இளம் ஆண்கள் பக்கம் சரிவு தெளிவாகத் தெரிந்தது.

நான் ஜார்ஜியாவில், அட்லாண்டா புறநகரான ஃபோர்சைத் கவுண்டியில் இருக்கிறேன். இந்தக் கவுண்டியின் கதை தெரிந்தால்தான் புறநகர் எப்படி மாறுகிறது என்பது விளங்கும். 1912இல் இங்கிருந்த கறுப்பின மக்கள் அனைவரையும் மிரட்டி விரட்டினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் இது ஏறக்குறைய முழு வெள்ளையர் கவுண்டி. 1987இல் ஓசியா வில்லியம்ஸ் தலைமையில் உரிமை ஊர்வலம் வந்தபோது கல்லும் பாட்டிலும் வீசினார்கள். அடுத்த வாரமே ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து அதே பாதையில் நடந்தார்கள். அந்தச் சாலைகளின் ஓரத்தில்தான் இன்று நாம் கொலு வைக்கிறோம், பொங்கல் கொண்டாடுகிறோம். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனமார நினைக்கிறேன்.

2012இல் இங்கே பத்தில் எட்டு வாக்கு ராம்னிக்கு. 2020இல் டிரம்புக்கு மூன்றில் இரண்டு பங்கு. கவுண்டி கட்சி மாறவில்லை. ஆனால் மாநிலம் 11,779 வாக்கில் தீர்மானிக்கப்பட்ட ஆண்டில், இப்படிப்பட்ட சிவப்பு, அதாவது குடியரசுக் கட்சிக் கவுண்டியில் வித்தியாசம் சுருங்கியதற்கும் பங்கு இருக்கிறது. பக்கத்து குவின்னெட் இன்னும் வேகம். 1976இல் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டருக்கு வாக்களித்தது, பிறகு 2012 வரை குடியரசுக் கட்சிக் கோட்டை, 2016இல் ஹிலாரி பக்கம், 2020இல் பைடனுக்குச் சுமார் 58 சதவீதம்.

இதில் எவ்வளவு மனமாற்றம், எவ்வளவு குடிமாற்றம் என்று பிரித்துப் பார்க்காமல் பேசக் கூடாது. கறுப்பினக் குடும்பங்கள், கொரியர்கள், ஸ்பானிய மொழி பேசுவோர், நாம் என்று புதிதாக வந்து குடியேறியவர்கள் எத்தனையோ பேர். தாமிரபரணி ஐயா வாக்களிப்பு விகிதம் என்கிறார், வைகறை மனமாற்றம் என்கிறார். என் கவுண்டியில் பெரிய காரணம் லாரியில் வந்து இறங்கிய வீட்டுச் சாமான்கள். அதிலும் நம்மில் பலர் எச்-1பி விசாவில் வந்து, பச்சை அட்டைக்காகப் பல ஆண்டுகள் காத்திருப்பவர்கள். வரி கட்டுகிறோம், பிள்ளைகளை இங்கே வளர்க்கிறோம், வாக்கு இல்லை. பிள்ளைகளுக்குத்தான் பதினெட்டு வயதில் வாக்கு வருகிறது.

---

எக்ஸ்டன்வாசி

செம்பருத்தி, இதை விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. 1987 ஊர்வலம் பற்றி இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஒருவர் மனம் பேச்சால் மாறவே மாறாதா என்று கேட்டால், மாறும் என்றே சொல்வேன். மாற்றுப் பாலினத்தவர் உரிமை குறித்து மயாமியில் நடந்த சோதனையை காலாவும் புரூக்மனும் 2016இல் வெளியிட்டார்கள். வாசலில் சுமார் பத்து நிமிடப் பேச்சு. வாதம் செய்வதில்லை. "உங்களை யாராவது வித்தியாசமானவர் என்று ஒதுக்கியது உண்டா?" என்பது போலக் கேட்டு, அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்டு, நம் அனுபவத்தையும் சொல்வது. மாற்றம் குறைந்தது மூன்று மாதம் நிலைத்தது. இதே முறையைப் பற்றி முன்பு வந்த ஓர் ஆய்வு போலித் தரவு என்று 2015இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் குட்டை உடைத்தவர்களில் இவர்கள் இருவரும் உண்டு. அதனால்தான் இவர்களின் சோதனையை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

---

தறிநூல்

மிச்சிகனிலிருந்து எழுதுகிறேன். கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள், தயவுசெய்து. 2024 பிப்ரவரி முதனிலைத் தேர்தலில் காசா போரை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பைடனுக்குப் பதிலாக "யாருக்கும் உறுதியில்லை" என்ற கட்டத்தைக் குறித்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதில் எந்த மர்மமும் இல்லை. கட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், தலையசைத்தார்கள், போனார்கள். கொள்கை நகரவில்லை. நவம்பரில் அரபு அமெரிக்கர்கள் நிறைந்த டியர்பார்னில் டிரம்ப் முதலிடம் பிடித்தார், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் கணிசமாக வாங்கினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பைடனுக்கு அள்ளிக் கொடுத்த ஊர் அது. டெட்ராய்ட் புறநகர் என்றாலே ரீகன் காலத்திலிருந்து மேக்கம்ப் கவுண்டியின் வெள்ளைத் தொழிலாளியைத்தான் பேசுவார்கள். டியர்பார்னும் புறநகர்தான்.

---

வைகறை

தறிநூல் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். எக்ஸ்டன்வாசி பார்த்த அந்தத் தாய்க்கும் டியர்பார்ன் வாக்காளருக்கும் பொதுவாக இருப்பது இதுதான்: இருவரும் தங்கள் நிபந்தனையை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகும் அவர்களை "முடிவெடுக்காதவர்" என்ற பெட்டியில் போட்டு விளம்பரம் காட்டுவது அவமதிப்பு.

தாமிரபரணிக்கு ஒன்று: பக்ஸ் கவுண்டியில் பதிவு செய்த வாக்காளர் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சி ஜனநாயகக் கட்சியை முந்தியது 2024 கோடையிலேயே. அக்டோபர் விளம்பரங்களுக்கு முன்பே நிலம் நகர்ந்துவிட்டது. புதிதாக வந்தவர்களா, மாறியவர்களா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. இரண்டும்தான். ஆனால் இரண்டுமே பல மாதங்கள் ஊருக்குள் யாரோ உட்கார்ந்து வேலை பார்த்ததால் நடந்தவை.

---

தாமிரபரணி

"ஊருக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பது" என்பதில் எனக்கு முழு உடன்பாடு. வெளிமாநிலத்திலிருந்து பஸ்ஸில் ஆள் இறக்கிக் கதவு தட்டும் பணத்தில் பாதியைப் பள்ளி வாரியத் தேர்தலில் செலவழித்தால் என்ன? பென்சில்வேனியாவில் பள்ளி வாரிய வேட்பாளர் இரண்டு கட்சிகளின் முதனிலைத் தேர்தலிலும் ஒரே நேரத்தில் நிற்கலாம். ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும். தொலைக்காட்சி விளம்பரம் மிகக் குறைவு. யார் வருகிறார், யார் பேசுகிறார் என்பதெல்லாம் அக்கம்பக்கத்தாருக்கு முகம் தெரியும்.

---

புதுவரவு

இந்த இழையை முழுதும் படித்தேன். மான்ட்கோமரி கவுண்டியில் இருக்கிறேன், பச்சை அட்டை இருக்கிறது, குடியுரிமை இல்லை. பள்ளி வாரியத் தேர்தலுக்கு வேலை செய்ய ஆசை. எனக்கு அனுமதி உண்டா அக்கா?

---

எக்ஸ்டன்வாசி

உண்டு. சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வீடு வீடாகப் போகலாம், தொலைபேசியில் பேசலாம். பச்சை அட்டை இருப்பதால் நன்கொடையும் தரலாம். விசாவில் இருப்பவர்கள் நன்கொடை தரக் கூடாது, தன்னார்வ வேலை மட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். 2023 செப்டம்பரிலிருந்து பென்சில்வேனியாவில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே, தகுதியுள்ளவர்களுக்கு வாக்காளர் பதிவும் தானாகச் சேர்ந்து வருகிறது. குடியுரிமை பற்றிய கேள்வி திரையில் வந்தால் நிதானமாகப் படித்து, இல்லை என்று பதில் சொல்லுங்கள். தவறுதலாகப் பதிவானால்கூடப் பிறகு குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய சிக்கலாகும். தபாலில் வாக்காளர் பதிவுப் படிவம் வந்தாலும் நிரப்ப வேண்டாம். எந்தப் பள்ளி மாவட்டம் என்று எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள், அங்கே ஏற்கனவே வேலை செய்கிறவர்களோடு சேர்த்துவிடுகிறேன்.